நாலு கார்டும் என்கிட்ட இருக்கட்டும்

உறையின் மேலிருந்த பெயரை மூன்றாவது முறையாகப் படித்துப் பார்த்தார் போஸ்ட்மாஸ்டர். சந்தேகமே இல்லை. அவர் பெயர்தான், அதன் கீழே அவர் மனைவி பெயர்தான். உறை செருகியிருந்ததும் 813-ம் அறையின் கதவோரம்தான். அந்த 813-க்கு ஜன்னலே இல்லை.

கப்பலின் எட்டாவது மாடி நடைவழி அது. சுத்தம் செய்யும் வேலை அப்போதுதான் முடிந்திருந்ததால் இரண்டு பக்கமும் கதவுகள் திறந்து கிடந்தன. எதிர் அறை 814-ல் கண்ணாடிக் கதவு, பால்கனி, இரண்டு நாற்காலிகள், அப்புறம் கண்ணுக்கெட்டிய மட்டும் கடல். 813-லும் ஒரு திரை தொங்கியது. ஆசையோடு போய் விலக்கிப் பார்த்தார். பின்னால் சுவர் இருந்தது. சுவருக்கு எதற்குத் திரை என்று கேட்கப் பக்கத்தில் ஆளில்லை.

814-ன் உறையில் சம்பந்தியின் பெயர்.

கல்யாணமாகி ஒரு வருஷம் நிறைந்ததற்காக, மகளும் மாப்பிள்ளையும் இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் நாலு நாள் கப்பலில் அனுப்பி வைத்திருந்தார்கள். டிக்கெட் போட்டது மகள். மாமனார் மாமியாருக்குக் கடல், பெற்றவர்களுக்குச் சுவர்! போஸ்ட்மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. தனக்காக அல்ல, மனைவிக்காக. மகள் புகுந்த வீட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டாளோ என்று மனைவிக்கு ஒரு வருஷமாகவே உள்ளூரக் குறை இருந்தது. அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனாலும் இருக்கிறது என்பது போஸ்ட்மாஸ்டரின் கணிப்பு. இந்தச் சுவரை அவள் பார்த்தால் நாலு நாளும் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பாள். ஊர் திரும்பியதும் தாய்க்கும் மகளுக்கும் பேச்சு நின்றுவிடும். அதை அவரால் தாங்க முடியாது.

மற்ற மூவரும் பதினோராவது மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரூம் தயார் என்று அறிவிப்பு வந்ததும், "நீங்க உக்காருங்க, கார்டை நான் எடுத்துட்டு வரேன்" என்று முந்திக்கொண்டு வந்தவர் அவர்தான். நாலு பேருடைய காகிதங்களும் காலையிலிருந்தே அவருடைய பையில்தான் இருந்தன. எனவே யாருக்கு எந்த ரூம் என்பது இந்த நிமிஷம் வரை அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

உறைக்குள் ஆளுக்கொரு கார்டு இருந்தது. இந்தக் கப்பலில் கார்டுதான் சகலமும். கதவைத் திறக்க அது, உள்ளே விளக்கெரியச் சுவரில் செருக அது, காப்பி வாங்க அது, கரையில் இறங்கி ஏற அது. ஆனால் அதில் அச்சடித்திருந்த பெயர் எறும்பு சைஸில் இருந்தது. போஸ்ட்மாஸ்டர் பையைத் துழாவினார். பெட்டிகளில் ஒட்டக் கொண்டுவந்த வெள்ளைச் சீட்டுகள் மிச்சமிருந்தன.

முப்பத்துநாலு வருஷ சர்வீஸில் ஒரு கடிதத்தைக்கூட அவர் மாற்றிப் போட்டதில்லை. அன்றைக்குத் தெரிந்தே போட்டார். 814-ன் கார்டுகளில் சீட்டு ஒட்டித் தன் பெயரையும் மனைவி பெயரையும் எழுதினார். 813-ன் கார்டுகளில் சம்பந்தி பெயரையும் சம்பந்தியம்மா பெயரையும் எழுதினார். எழுத்து முத்து முத்தாக விழுந்தது.

"எழுத்து பொடிப்பொடியா இருந்துச்சு. அதான் பெரிசா எழுதி ஒட்டிட்டேன்" என்று மேலே போய் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்.

"பாத்தியா? இதுதான் போஸ்ட்மாஸ்டர்ங்கறது!" என்று தன் மனைவியிடம் காட்டினார் சம்பந்தி. அவர் பல் டாக்டர். பிறர் வாயையே பார்த்துப் பழகியதாலோ என்னவோ தன் வாயை மூடவே மாட்டார். சம்பந்தியம்மா அதற்கு நேர்மாறு. ஒரு நாளைக்கு ஏழெட்டு வாக்கியம் பேசினால் அதிகம். போஸ்ட்மாஸ்டருக்கு அந்த ஏழெட்டின் மேல்தான் பயம்.

814-ன் கதவைத் திறந்ததும் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இதுவா நம்ம ரூம்?"

"பின்னே?"

"நம்பரை நல்லாப் பாத்தீங்களா? வேற யாரோடதாவது இருக்கப் போகுது."

"நம்ம பொண்ணு நமக்காகப் போட்டது" என்றார் போஸ்ட்மாஸ்டர் பெருமையாக. பாவம், சந்தோஷத்தில் நம்ப முடியாமல் திணறுகிறாள் என்று அவருக்கு நெகிழ்ந்துவிட்டது. அவள் விறுவிறுவென்று போய்க் கண்ணாடிக் கதவின் திரையை இழுத்து மூடினாள்.

"ஏன் மூடுறே?"

"வெயில் கண்ணைக் கூசுது. இங்க பாருங்க, இதை சம்பந்திக்குக் குடுத்துட்டு நாம அவங்க ரூமுக்குப் போயிடலாமே. மரியாதையா இருக்கும்."

என்ன மனசு இவளுக்கு! கிடைத்ததை உடனே தூக்கிக் கொடுக்கத் தோன்றுகிறது பார். இப்படிப்பட்டவளுக்கா ஜன்னலில்லாத அறை? தான் செய்தது நூற்றுக்கு நூறு சரி என்று போஸ்ட்மாஸ்டருக்கு உறுதியாகிவிட்டது. திரையை விலக்கிக்கொண்டு பால்கனியில் கால் வைத்தார். எட்டு மாடிக்குக் கீழே தண்ணீர் இருந்தது. கம்பியைப் பிடித்த கை கம்பியோடு ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்த்து எடுத்துக்கொண்டு உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"காலையில சரியாச் சாப்பிடல, அதான்" என்றார். மத்தியானம் இரண்டு தட்டு சாப்பிட்டிருந்தார். மனைவி தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

அரை மணி நேரத்தில் பெட்டிகள் வந்தன. பெட்டிகளில் கட்டியிருந்த அட்டைகளில் ரூம் நம்பர் அச்சாகியிருந்தது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. 814-ன் வாசலில் சம்பந்தி வீட்டாரின் நாலு பெட்டிகளும் வரிசையாக நின்றன. பல் டாக்டர் ஊருக்கே சேர்த்து மூட்டை கட்டுகிறவர். எதிர் வாசலில் நின்ற தன் ஒற்றைப் பெட்டியை முதலில் 814-க்குள் தள்ளினார். போஸ்ட்மாஸ்டர் ஒவ்வொன்றாக எதிர் வாசலுக்கு இழுத்தார். மூன்றாவதை இழுக்கும்போது 813-ன் கதவு திறந்தது.

"சம்பந்தி! நீங்க போய் எங்க பெட்டியத் தூக்குறதா?"

"இதுல என்ன இருக்கு, சம்பந்தி."

"ஏய், வந்து பாரு! மனுஷன்னா இவர் மனுஷன்!"

போஸ்ட்மாஸ்டருக்கு உடம்பு கூசியது. டாக்டரின் தோளுக்கு மேலே பார்த்தார். உள்ளே சம்பந்தியம்மா திரையை விலக்கிக்கொண்டு நின்றிருந்தார். சுவரை மேலிருந்து கீழ் வரை நிதானமாகப் பார்த்தார். திரையைப் பழையபடி விட்டார்.

"ரூம் ரொம்ப நல்லா இருக்கு" என்றார். "கப்பல் கிளம்புறதுக்குள்ள மருமகளுக்குப் போன் போட்டுச் சொல்லணும்."

மனைவியின் வருத்தத்தைத் தடுக்கப் போய், அதை எடுத்து நேராக மகளின் மாமியாருக்கு அல்லவா டெலிவரி செய்திருக்கிறார் போஸ்ட்மாஸ்டர்! மனைவி கோபித்தால் மகள் போனை வைத்துவிடலாம். மாமியார் கோபித்தால் ஒரே சமையலறையில் அல்லவா நிற்க வேண்டும்?

ஏதாவது சொல்லிச் சமாளிப்பதற்குள் ஒலிபெருக்கி குறுக்கே விழுந்தது. ஆபத்து வந்தால் ஒன்றுகூட வேண்டிய இடத்துக்கு எல்லாப் பயணிகளும் இப்போதே போய்க் கார்டைக் காட்டிப் பதிந்துகொள்ள வேண்டும்.

கார்டைக் காட்டினால் அவர்கள் கருவியின் திரையில் படம் வரும். மனைவியின் கார்டுக்குச் சம்பந்தியம்மாவின் முகம் வரும். போஸ்ட்மாஸ்டர் துள்ளிக் குதிக்காத குறை.

"நீங்க யாரும் அலைய வேண்டாம். நாலு கார்டும் என்கிட்ட இருக்கட்டும். நான் போய் மொத்தமாப் பதிஞ்சுட்டு வந்துடறேன்."

"லைட்டுக்குச் செருகினதையுமா?" என்றார் டாக்டர்.

"அதையும்தான். எரியற லைட் எங்க போயிடும்?"

கூடுமிடத்தில் ஆரஞ்சுச் சட்டை போட்ட அதிகாரி ஒருவர் கையில் கருவியோடு நின்றார். போஸ்ட்மாஸ்டர் நாலு கார்டுகளையும் சீட்டுக்கட்டு போல நீட்டினார்.

"மத்த மூணு பேர் எங்க, சார்?"

"வந்த மாதிரியே வச்சுக்குங்க."

"கப்பல் முழுகினா நாலு பேருக்கும் சேர்த்து நீங்களே மிதப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு, அதிகாரி முதல் கார்டைக் கருவியில் காட்டினார். திரையில் பல் டாக்டர் சிரித்தார். அதிகாரி படத்தைப் பார்த்தார், போஸ்ட்மாஸ்டரின் தலையைப் பார்த்தார்.

"இதுல வழுக்கையா இருக்கே?"

"படம் எடுத்தப்போ இல்ல. அப்புறம் வளர்ந்துடுச்சு."

அதிகாரி நகத்தால் சீட்டைக் கிள்ளி உரித்தார். "இது யார் ஒட்டினது?"

"நான் ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர்" என்றார் அவர், அதுவே ஒரு பதில் என்பது போல.

நாலு கார்டுகளும் அந்த நிமிஷமே முடக்கப்பட்டன. அஞ்சாவது மாடிக் கவுண்டரில் போய்ப் புதுசு வாங்கிக்கொண்டு, நாலு பேரும் நேரில் வர வேண்டும் என்று உத்தரவு. அதற்கு முன் வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று போஸ்ட்மாஸ்டர் எட்டாவது மாடிக்கு ஓடினார்.

ஓடாமலே இருந்திருக்கலாம். நடைவழியில் பல் டாக்டர் இடுப்பில் துண்டும் தலையில் சோப்பு நுரையுமாக நின்றிருந்தார். கார்டை உருவிய ஒரு நிமிஷத்தில் 813-ல் விளக்கெல்லாம் அணைந்து, ஜன்னலில்லாத அறை கும்மிருட்டாகிவிட்டது. குளித்துக்கொண்டிருந்தவர் தடவித் தடவி வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்க, கதவு பின்னால் தானாகவே சாத்திக்கொண்டது. சம்பந்தியம்மா அதற்கும் முன்பே வெளியே வந்துவிட்டார். அவர் கையில் போன் இருந்தது.

எதிர்க்கதவில் சாய்ந்து நின்ற மனைவி, "நாலு கார்டையும் நீங்களே தூக்கிட்டுப் போனா லைட் எப்படிங்க எரியும்?" என்றாள்.

சரியாக அப்போதுதான் ஒலிபெருக்கி, 813, 814 அறைப் பயணிகள் இன்னும் பதிவு செய்யவில்லை என்று கப்பல் முழுவதுக்கும் சொன்னது. நடைவழியில் போனவர்கள் கதவு நம்பரைப் பார்த்தார்கள், துண்டைப் பார்த்தார்கள்.

சம்பந்தியம்மா போனைக் காதில் வைத்தார். "ரிங் போகுது. மருமக முதல் முதலா எங்களுக்குன்னு செஞ்சிருக்கா. எப்படி இருக்குன்னு சொல்ல வேண்டாமா?"

"வேண்டாம்!" என்று போஸ்ட்மாஸ்டர் போட்ட சத்தத்தில் டாக்டரின் துண்டு நழுவப் பார்த்தது. "அது உங்க ரூமே இல்ல, சம்பந்தியம்மா! கார்டு மாறிப்போச்சு. உங்களுக்குத்தான் பால்கனி. 814 உங்களோடது. என் பொண்ணு உங்களுக்குன்னுதான் போட்டிருக்கா. தப்பு என்னோடது. அஞ்சே நிமிஷம், புதுக் கார்டோட வரேன்."

சம்பந்தியம்மா போனைக் காதிலிருந்து எடுத்தார். "அப்படியா?" என்றார். அந்த ஒரு சொல்லில் வெயில் அடித்தது.

மனைவியின் பக்கம் திரும்பும் தைரியம் போஸ்ட்மாஸ்டருக்கு இல்லை. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தது காதில் விழுந்தது. நிற்காமல் படியிறங்கிவிட்டார். முப்பத்தொரு வருஷத்தில் அவளிடம் அவர் இப்படி முகத்தை மறைத்துக்கொண்டு ஓடியதில்லை. மூன்று மாடியும் மனசு வலித்தது.

கவுண்டரில் இருந்த பெண் பொறுமைசாலி. உரித்த சீட்டுகளோடு வந்த கார்டுகளை வாங்கிவைத்துக்கொண்டு, நடந்ததையெல்லாம் கேட்டாள்.

"ரூமை மாத்த வேண்டாம்மா. 814 அவங்களுக்கே இருக்கட்டும், என் பொண்ணு வாழற வீடு" என்றார் போஸ்ட்மாஸ்டர். "ஆனா என் வீட்டுக்காரிக்கு ஒரு சின்ன ஜன்னலாவது கிடைக்குமா? எந்த மூலையில இருந்தாலும் சரி. பெத்த பொண்ணே தனக்குச் சுவரைப் பாத்துப் போட்டுட்டான்னு நினைச்சு நினைச்சு உருகிடுவா. வெளிய சொல்ல மாட்டா, அவ சுபாவம் அப்படி. எனக்காகக் கேக்கலை. எனக்குன்னா நான் அந்தப் பால்கனியிலயே பாயைப் போட்டுப் படுப்பேன், கடல்னா எனக்கு அவ்வளவு உயிர். அவளுக்காகத்தான் கேக்கறேன்."

அவள் கம்ப்யூட்டரில் எதையோ தேடினாள். தேடியது கிடைத்ததும் இரண்டு முறை படித்தாள். பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி முன்னால் குனிந்து, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்:

"சார், உங்க பொண்ணு பால்கனி ரூமை உங்க பேர்லதான் போட்டிருந்தாங்க. போன வாரம் உங்க வீட்டம்மாதான் எங்களுக்குப் போன் பண்ணி, 'எங்க வீட்டுக்காரருக்கு மொட்டை மாடியில துணி காயப்போடவே கால் நடுங்கும், ஆனா அதைச் சொன்னா சம்பந்தி முன்னாடி கூனிக் குறுகிப்போயிடுவார், பொண்ணு போட்டதாவே இருந்துட்டுப் போகட்டும்'னு சொல்லி உங்க சம்பந்தி ரூமோட மாத்திக்கிட்டதா இங்க எழுதியிருக்கு."