ஆணியில் தொங்கிய என் டோக்கன்

கோலார் தங்கவயலில் மண்ணுக்கடியில் இறங்கித் தங்கம் தோண்டியவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் ஒரு கத்தரிக்காயைக் கையில் பிடித்துக்கொண்டு, “நீ எந்த ஊரு? எதுல வந்தே?” என்று குறுக்கு விசாரணை செய்த மனிதர் அந்த வட்டாரத்திலேயே ஒருவர்தான். அவர் என் மாமனார். நாங்கள் குடியிருந்த தொழிலாளர் லைனில் அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. ‘லாம்ப் ரூம்’ என்று கேட்டால் நாய் கூட எங்கள் வீட்டைக் காட்டிவிடும்.

சுரங்கத்தில் விளக்கு கொடுக்கும் அறையில் அவருக்கு வேலை. கீழே இறங்குகிற ஆள் தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனைக் கொடுத்து விளக்கை வாங்கிக்கொள்வான். இவர் டோக்கனை ஆணியில் மாட்டுவார். ஏறி வந்து விளக்கைத் திருப்பினால் டோக்கன் அவன் கைக்குப் போகும். ஷிப்ட் முடிந்தும் ஒரு டோக்கன் தொங்கினால், ஒரு ஆள் இன்னும் மேலே வரவில்லை என்று அர்த்தம். இருபது வருஷம் ஆணிகளையே முறைத்துப் பார்த்த மனிதர், வீட்டுக்கு வந்தும் எங்களை அப்படித்தான் பார்த்தார்.

குடியாத்தத்தில் நெல் விளைகிற வீட்டிலிருந்து நான் மருமகளாக வந்த சமயம், ஊரெல்லாம் அரிசிக்குத் தட்டுப்பாடு. ரேஷன் அரிசி வரும் வேகன் பங்காருபேட்டையில் நின்றுவிட்டால் எங்கள் லைனில் அடுப்பு நின்றுவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை லாம்ப் ரூம் எங்கள் எல்லோரையும் சமையலறையில் கூட்டினார்.

“வேகன் வரலன்னா நம்ம வவுறு நிக்கணுமா? இனிமே ரயில் ஏறி வந்த எதுவும் இந்த வீட்டுல எறங்காது. நடந்து போய் வாங்கியாற தூரத்துல இன்னா வெளையுதோ அதான் சாப்பாடு. ராகி வெளையுது, கொள்ளு வெளையுது, கீரை வெளையுது. வேற இன்னா வோணும்?”

“காபி?” என்றார் மாமியார்.

“ராகிய வறுத்துப் பொடி பண்ணு.”

“உப்பு?”

மாமனார் யோசித்தார். கடல் நடக்கிற தூரத்தில் இல்லை. இரண்டு நாள் உப்பில்லாமல் சாப்பிட்டோம். மூன்றாம் நாள் அவரே குழம்பை வாயில் வைத்துவிட்டு, “உப்புக்கு மட்டும் பர்மிசன்” என்று அறிவித்தார்.

வீட்டுக்குப் பின்னால் தோட்டம் போட்டார். தங்கத்தைப் பிரித்தெடுத்துவிட்டு மில்லிலிருந்து கொட்டிய சயனைட் மண்மேட்டிலிருந்து வந்த காற்று அதை ஒரே வாரத்தில் வெள்ளையடித்துவிட்டது. மனிதர் அசரவில்லை. வாரம் ஒருவர் முறை வைத்து பக்கத்து ஊர் பேத்தமங்களாவுக்குப் போய்க் காய்கறி வாங்கிவர வேண்டும் என்றார். சமையலறைச் சுவரில் பலகை, நான்கு ஆணி, நான்கு பித்தளைத் தகடு. போகிறவர் தன் டோக்கனை மாட்டிவிட்டுப் போக வேண்டும், வந்ததும் தன் கையால் எடுக்க வேண்டும். “போறப்ப நடந்து போம்மா, வர்றப்ப பஸ்ல வா” என்றார் என்னிடம். ஆகா, மருமகள் மேல் எவ்வளவு அக்கறை என்று நெகிழ்ந்துபோனேன். “கீரை வாடக் கூடாது பாரு” என்று முடித்தார்.

நடையைக் கூடப் பொறுத்துக்கொண்டேன். ராகிக் களியைத்தான் பொறுக்க முடியவில்லை. சோறு தின்று வளர்ந்த எனக்கு அதை மெல்லத்தான் வரும். “கடிக்காதம்மா, முழுங்கு” என்பார் மாமனார். விழுங்கினால் தொண்டையில் நிற்கும். நான்கு மாதத்தில் என் வளையல்கள் முழங்கை வரை ஏறின. ஒரு கைப்பிடி சோற்றுக்காக நான் அழுதேன் என்றால் இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள். நிஜமாகவே அழுதேன்.

அதைப் பார்க்கப் பொறுக்காமல் என் வீட்டுக்காரர் ஒருநாள் ராபர்ட்சன்பேட்டை ஓட்டலிலிருந்து ஒரு பொட்டலம் சாம்பார் சாதம் வாங்கி வந்தார். இலையைப் பிரித்து முதல் உருண்டையை வாய்க்குக் கொண்டுபோகிறேன், மாமனார் வாசலில் நிற்கிறார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

“நீ சாப்பிடும்மா. என் வீட்டு ரூல் ஒடஞ்சுபோச்சு. எனக்கு இன்னிக்குச் சாப்பாடு வேணாம்.”

அப்படியே ஷிப்டுக்குப் போய்விட்டார். மறுநாளும் சாப்பிடவில்லை. வீட்டில் பாத்திரம் உருளும் சத்தத்துக்குக் கூட எல்லோரும் திடுக்கிட்டோம். மூன்றாம் நாள் என் முறை. டோக்கனை மாட்டும்போதே முடிவு செய்துவிட்டேன், இதை எடுக்க நான் திரும்பி வரப்போவதில்லை.

பேத்தமங்களாவில் வழக்கமான கீரைக்காரம்மாவிடம் நான்கு கட்டு கீரை வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று கேட்காதீர்கள், பழக்கம். அங்கிருந்து பங்காருபேட்டை பஸ். ஸ்டேஷனில் குடியாத்தத்துக்கு டிக்கெட் எடுத்து, சாயங்கால வண்டிக்காக பெஞ்சில் உட்கார்ந்தேன். தாலி கட்டி ஒரு வருஷம் ஆகவில்லை. அம்மா முகத்தில் எப்படி விழிப்பது?

கைகாட்டி இறங்கிய நேரத்தில் பிளாட்பாரத்தின் கோடியில் ஓர் உருவம் தெரிந்தது. வெளிச்சம் இருக்கும்போதே கையில் டார்ச் விளக்கு, தோளில் கம்பளி, கக்கத்தில் தண்ணீர் பாட்டில், முழங்கால் வரை சேறு. சுரங்கம் இடிந்தால் ஆள் தேடப் போகிற கோலம். மாமனார்தான். வந்தவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் கீரையைத் தொட்டுப் பார்த்தார்.

“வாடிப்போச்சு.”

நான் கீரைக்கட்டை மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

“ஷிப்ட் முடிச்சி வந்தா டோக்கன் தொங்கிக்கினு கீது. கீரைக்காரம்மாதான் நீ இந்தப் பக்கம் பஸ் ஏறினேன்னு சொல்லிச்சு. அதுக்கு முன்னால வழியில மூணு கெணறு. மூணுத்துலயும் லைட் அடிச்சுப் பாத்துட்டேன்.”

டார்ச்சை அப்போதுதான் அணைத்தார்.

“நான் வரல மாமா. அந்த டோக்கன நீங்களே எடுத்துடுங்க.”

“அப்படிச் சொல்லாதம்மா!” என்று பதறினார். “ஆளு வராம இன்னொருத்தன் டோக்கன எடுத்தா, அவன் இனிமே வரமாட்டான்னு அர்த்தம். ஒரே ஒரு தபா அப்படி எடுத்திருக்கேன். என் சிநேகிதனோடது. அந்தக் கையால உன்னுத எடுக்கச் சொல்றியா?”

வண்டியின் புகை தெரிந்தது. அவர் என்னைத் தடுக்கவில்லை. “போய்ட்டு வா. மாசக்கணக்கு ஆனாலும் தொங்கட்டும். இன்னாதாம்மா உனக்கு இங்க கொறச்சல்?”

“சோறு மாமா” என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. “எனக்குச் சோறு வேணும்.”

மாமனார் நெற்றியைத் தேய்த்தார். உப்புக்கு யோசித்ததைப் போலவே யோசித்தார்.

“உங்க ஊட்டு அரிசி எங்க வெளையுது?”

“வீட்டுப் பின்னாலயே. நடந்து போனா நூறு அடி.”

“நூறு அடியா?” அவர் முகம் தெளிந்தது. “அட, அப்ப உனக்கு அதாம்மா உள்ளூர் சாப்பாடு! முன்னமே சொல்றதுக்கு இன்னா?”

வண்டி வந்தது. ஏறினேன். நான்கு நாள் அம்மா கையால் வயிறாரச் சாப்பிட்டேன். ஐந்தாம் நாள் ஒரு மஞ்சள் பை நிறைய எங்கள் வயல் அரிசியோடு பங்காருபேட்டையில் இறங்கினேன். லாம்ப் ரூம் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ரயில் ஏறி வந்த எதுவும் வீட்டில் இறங்காது என்ற மனிதர் அந்த அரிசிப் பையைத் தன் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வீட்டுக்கு வந்ததும் என்னை உட்காரக்கூட விடவில்லை. “முதல்ல டோக்கன எடும்மா” என்றார். எடுத்தேன். அதன் பிறகுதான் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு அவர் சாப்பிட உட்கார்ந்தார். அன்றிலிருந்து எனக்குச் சோறு, மற்ற மூவருக்கும் களி. பிறகு களியும் எனக்குப் பிடித்துப்போனது, அது வேறு விஷயம்.

சில வருஷம் கழித்து ஒரு தை மாதக் காலையில், அவரைக்காய் வாங்கிவருகிறேன் என்று டோக்கனை மாட்டிவிட்டு நடந்த மனிதர், பேத்தமங்களா சாலையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகு என் வீட்டுக்காரர் பலகையில் தொங்கிய தகட்டை எடுக்கக் கை நீட்டினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

எத்தனையோ வீடு மாறிவிட்டோம். பலகை என் சமையலறையில்தான் இருக்கிறது. அந்த டோக்கனை நான் எடுக்கக் கூடாது. மாமாதான் வந்து எடுக்க வேண்டும்.