மேசை மேல் கதகளி

எனக்கு மலையாளம் பேச வரும், படிக்க வரும். எழுதவும் வரும் என்று நாற்பத்தோரு வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை உடைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். பிள்ளைகளே, தாராளமாகச் சிரியுங்கள். எங்கள் வீட்டில் இதற்குச் சிரிக்காத ஆளே கிடையாது.

எங்களுக்குக் கேரளாவில், பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளி. நான் பக்கத்துச் சித்தூரில் தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவன். (பத்தாவதை இரண்டு தடவை படித்தேன். அவ்வளவு பிடித்துப்போயிற்று.) கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறேன். மகள் நிவேதா அப்போது எட்டாம் வகுப்பு.

அவளுக்கு ஒரு விளையாட்டின் மேல் பித்து. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, 'நான் கதவைத் தட்டுகிறேன்', 'நான் மரத்தில் ஏறிக்கொள்கிறேன்' என்று அந்த ஆளாகவே மாறிப் பேசுவார்கள். நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை உருட்டிப் பார்க்க வேண்டும். வெறும் வாயும் பகடையும்தான், டிவி, போன் ஒன்றும் வேண்டாம்.

பாலக்காட்டில் அவள் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வீட்டில் கூடி இதை ஆடினார்கள். ஊர் உலகமெல்லாம் ஆடுகிற பேர்போன முறை அது. மூன்று தடிப் புத்தகம், இருபது முகம் உள்ள பகடை. நான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்து பார்ப்பேன். நல்ல விளையாட்டுதான், குறை சொல்லக்கூடாது. ஆனால் கூட்டல், கழித்தல், அட்டவணை என்று போய்க்கொண்டே இருக்கும். ஒரு பூதம் சாவதற்குள் நான் இரண்டு டீ குடித்து ஒரு தூக்கமும் போட்டு எழுந்துவிடுவேன்.

நிவேதா ஒரு காவலாளியைக் கற்பனை செய்து வைத்திருந்தாள். பாலத்து மேல் நிற்பவன், சாபத்தால் வாய் பேச முடியாதவன். அவனைக் கதைக்குள் கொண்டு வரட்டுமா என்று கேட்டிருக்கிறாள். கதையை நடத்திய பெண் அரை மணி நேரம் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "ஊமைக்கு ரூல் இல்லை. பேச வெச்சுரு" என்று சொல்லிவிட்டாள். அதோடு நிவேதா அங்கே போவதை நிறுத்திவிட்டாள்.

பிறகு போனில் தேடி, நாலே பக்கத்தில் விதிகள் அடங்கிய ஒரு சின்ன முறையைக் கண்டுபிடித்தாள். வீட்டிலிருக்கிற சாதாரணப் பகடை இரண்டு போதும். நானும் அவளும் என் மனைவி சாந்தியும் ஆறு மாதம் ஆடினோம். மூன்று பேர் போதவில்லை. தவிர, சாந்தி எந்த வேஷம் எடுத்தாலும் கடைசியில் எதிரிக்குச் சோறு போட்டு அனுப்பிவிடுவாள். சண்டையே வராது.

நிவேதாவிடம் ஒரு பெரிய நோட்டு இருந்தது. அந்தப் பாலம், அதற்கு அப்பால் இருக்கிற ராஜ்யம், மலை, ஆறு எல்லாவற்றையும் அதில் வரைந்திருந்தாள். ஒரு நாள் அதை என் மடியில் வைத்தாள்.

"வர்ற ஞாயித்துக்கெழம ஆள் சேரலீனா இதப் பழைய பேப்பர்ல போட்டுருங்கப்பா. நான் இனி வெளையாடல."

அழுதிருந்தாலாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் அழவில்லை. பென்சில் டப்பாவையும் தம்பி முறையாகும் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள்.

அன்று சாயங்காலமே நான் ஒரு அறிவிப்பு எழுதினேன். சாந்தி மலையாள மீடியத்தில் படித்தவள், அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. (ஆம்பளைத் திமிர், வேறென்ன.) தமிழில் யோசித்து, ஒவ்வொரு சொல்லாக மலையாளமாக்கினேன். கதை என்றால் மலையாளத்தில் கத. விளையாட்டு என்றால் களி. முறை என்பதற்குச் சம்பிரதாயம் என்று போட்டேன். நாலு காகிதத்தில் எழுதி வாசகசாலை, பால் சொசைட்டி, டீக்கடை, பஸ் ஸ்டாப் என்று ஒட்டினேன்.

'கத களிக்கான் ஆளெ வேணம். எல்லாவரும் களிக்குந்ந வலிய சம்பிரதாயம் ஞங்ஙள்க்கு இஷ்டமல்ல. செறிய சம்பிரதாயம் மதி. வேஷம் வந்நிட்டு தீருமானிக்காம். ஞாயர் மூணு மணி.'

அதாவது, கதை விளையாட ஆள் வேண்டும், எல்லாரும் ஆடுகிற பெரிய முறை எங்களுக்குப் பிடிக்காது, சின்னது போதும், வேஷத்தை வந்த பிறகு முடிவு செய்துகொள்ளலாம். கீழே என் பெயரும் வீட்டு அடையாளமும். (உங்களில் சிலர் இப்போதே சிரித்திருப்பீர்கள். எனக்குத்தான் விளங்கவில்லை.)

மறுநாள் பால் சொசைட்டியில் பொன்னுசாமி அண்ணன் என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங் தம்பி, அந்தப் பாவாடையெல்லாம் உங்களுக்குப் பத்துமுங்களா?" என்று கேட்டார். என்ன பாவாடை என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஞாயிறு மூன்று மணிக்கு வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. முதலில் ஒரு குடை இறங்கியது. பின்னாலேயே அறுபது வயசுக்கு மேல் ஒரு அம்மா, பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற சரோஜினி டீச்சர். அப்புறம் ஒரு செண்டை மேளம், அதைத் தூக்கிக்கொண்டு உண்ணி என்பவர். உள்ளே வந்து உட்கார்ந்தபோதும் டீச்சர் முகத்தில் சிரிப்பு இல்லை. அவர் மலையாளத்தில் பேசினார், நான் உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

"இங்கே ஆசான் யாரு?"

கதையை நடத்துகிறவரைக் கேட்கிறார் என்று நினைத்தேன். "என் மகதானுங்க" என்றேன் பெருமையாக.

டீச்சர் நிவேதாவை மேலும் கீழும் பார்த்தார். "எத்தனை வருஷப் பழக்கம்?"

"ஆறு மாசமுங்க."

"நீங்க என்னென்ன வேஷம் கட்டியிருக்கீங்க?"

"திருடன், ராட்சசன். போன வாரம் கழுதைங்க."

உண்ணி இருமினார். டீச்சர் 'கழுதை' என்று ஒரு தரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"எங்கே ஆடறது?"

"இந்த மேச மேலதானுங்க டீச்சர். ஆறு பேர் வரைக்கும் தாங்கும்."

டீச்சர் எழுந்து போய் எங்கள் சாப்பாட்டு மேசையை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தார். அது ஆடியது. ஒரு காலுக்கு அட்டை மடித்து வைத்திருந்தோம்.

"அப்போ, பெரிய சம்பிரதாயம் பிடிக்காதுன்னு எழுதினது நீங்கதான்."

"ஆமாங்க. ரொம்ப இழுவைங்க. ஒருத்தன் சாகறதுக்குள்ள ரெண்டு டீ குடிச்சறலாம். நானெல்லாம் தூங்கியே போயிருக்கறேன்."

கதகளியில் வடக்கே ஒரு சம்பிரதாயம், தெற்கே ஒரு சம்பிரதாயம் உண்டு என்பதும், சரோஜினி டீச்சருக்கு வடக்குச் சம்பிரதாயம் உயிர் என்பதும், நான் எழுதிய பெரிய சம்பிரதாயம் அதுதான் என்று அவர் நினைத்துவிட்டார் என்பதும், அதை இஷ்டமில்லை என்று பஸ் ஸ்டாப்பில் எழுதி ஒட்டின ஆளைப் பார்த்து நாலு வார்த்தை கேட்கத்தான் அவர் வந்திருக்கிறார் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்? டீச்சர் குடையைக் கையில் எடுத்தார். அதற்குள் டீயோடு வந்த சாந்தி, உண்ணியின் போனில் இருந்த அறிவிப்பின் படத்தைப் பார்த்துவிட்டாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏனுங்க, கதகளிக்கு ஆள் வேணும்னு எழுதி வெச்சிருக்கறீங்க. எடையில கொஞ்சம் எடம் விட்டா அது வேற ஆயிருமுங்களா?"

பூமி பிளக்கவில்லை. பிளந்திருந்தால் முதல் ஆளாக இறங்கியிருப்பேன். மன்னிப்புக் கேட்டு, விஷயத்தைச் சொன்னேன். ஆட்டோவில் செண்டையைக் கொண்டுவந்த உண்ணி, "ஒருவேளை தேவைப்படுமேன்னு எடுத்தேன்" என்று பாவமாகச் சொன்னார். அதுதான் என்னை ரொம்ப வருத்தியது.

நிவேதா உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து, வாசல் ஓரத்தில் இருந்த பழைய பேப்பர்க் கட்டின் மேல் வைத்தாள். கோபமாக எறிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஓரங்களைச் சரி பார்த்து வைத்தாள்.

செருப்பைப் போடக் குனிந்த டீச்சர் கண்ணுக்கு அந்த நோட்டு நேராக இருந்தது. எடுத்துப் புரட்டினார். பாலத்துப் படத்தில் நின்றுவிட்டார்.

"இவன் யாரு?"

"காவலாளி. பேசமாட்டான்" என்றாள் நிவேதா.

"பேசாம எப்படி ஆளை நிறுத்துவான்?"

"தெரியல. அதுக்கு ரூல் இல்லைன்னுட்டாங்க."

டீச்சர் குடையைச் சாய்த்து வைத்தார். வாசல்படியில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார். முதலில் கண் மட்டும்தான் அசைந்தது. இடது புருவம் ஏறியது, வலது கை மெல்ல உயர்ந்தது. நான் என் சொந்த வீட்டில், என் சொந்த வாசலில், இரண்டடி பின்னால் போனேன்.

"இந்த வேஷம் எனக்கு" என்றார் டீச்சர். "பேசவே வேண்டாம்னா ரொம்ப நல்லது."

அன்றைக்கு ஐந்து பேர் ஆடினோம். டீச்சர் ஒரு வார்த்தை பேசவில்லை, அவர் கை சொல்வதை உண்ணிதான் எங்களுக்குச் சொன்னார். கடைசியில் டீச்சர் பகடையை உருட்டினார். இரண்டிலும் ஒன்று விழுந்தது.

"செத்தாச்சுங்க டீச்சர்" என்றாள் நிவேதா.

டீச்சர் உடனே சாக மறுத்துவிட்டார். எழுந்து நின்று, உண்ணியைப் பார்த்துத் தலையசைத்தார். செண்டை முழங்க இருபத்தைந்து நிமிடம் செத்தார். காம்பவுண்டுக்கு வெளியே ஊரே கூடிவிட்டது. நடுவில் சாந்தி எனக்கு இரண்டு டீ கொடுத்தாள். நான் தூங்கவில்லை.

இப்போது நிவேதா மூன்றாவது நோட்டில் வரைகிறாள். காவலாளி எப்படியோ திரும்பவும் பிழைத்து வந்துவிட்டான், டீச்சர் விடவில்லை. கூரியர்க்காரர் முதல் கேஸ் சிலிண்டர்க்காரர் வரை எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால் ஊரில் ஒரே பதில்தான்: "கதகளிக்கார ஊடுங்களா? நேராப் போங்க." நான் ஒரு நாளும் கதகளி ஆடியவனில்லை. சொன்னாலும் யாரும் நம்புவதில்லை.

நீங்கள் எது எழுதினாலும் தெரிந்தவர்களிடம் ஒரு தரம் காட்டுங்கள். நான் இப்போது காட்டுகிறேன். போன வாரம் நிவேதாவுக்குக் காய்ச்சல். பள்ளிக்கு நானே மலையாளத்தில் லீவு லெட்டர் எழுதி சாந்தியிடம் நீட்டினேன். அவள் மேலிருந்து கீழே வரை நிதானமாகப் படித்தாள்.

"ஏனுங்க, இதுக்குச் செண்ட வருமுங்களா, வராதுங்களா?"