அப்பாவின் சவரக்கத்தி

கத்தி திறக்க மறுத்தது. லிப்ட் மெக்கானிக் அதை முழங்கால்களுக்கு இடையில் வைத்து நெம்பிக்கொண்டிருந்தார். பரணை ஒழித்தபோது கிடைத்த அப்பாவின் சவரக்கத்தி. மடிப்பு முழுக்கத் துரு.

"புதுசா ஒண்ணு வாங்கிக்கக் கூடாதா?" என்றாள் மனைவி.

"அதுல அப்பா இருப்பாரா?"

அவள் உள்ளே போனாள். மாமனார் போய் வருஷங்கள் ஆகியும், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் இவர் தலை தானாகத் திரும்புவதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

சின்ன வயசில் இவர் கண் விழிக்கும்போதே அப்பா மழமழவென்ற முகத்தோடு வேலைக்குக் கிளம்பி நிற்பார். குனிந்து கன்னத்தோடு கன்னம் இழைத்துவிட்டுப் போவார். சோப்பு வாசனையும் குளிர்ச்சியுமாக இருக்கும். அதே கத்தியால் ஒரு தடவை மழித்துக்கொண்டால் அந்தக் கன்னம் கண்ணாடியில் ஒரு நிமிஷமாவது தெரியாதா என்று ஏங்கினார்.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே. பார்த்தா அழுவாங்க" என்று மனைவியைக் கூப்பிட்டுச் சொல்லிவைத்தார்.

எண்ணெய் விட்டதும் கத்தி திறந்தது. துரு மட்டும் அசையவில்லை. வினிகரில் ஊறப்போட்டார். அந்த நேரம் பார்த்து எங்கேயோ ஒரு லிப்ட் நடுவழியில் நின்றுவிட, போட்டது போட்டபடி ஓடினார். சாயங்காலம் வந்து பார்த்தால் துருவைக் காணோம். கத்தி கரிக்கட்டையாக இருந்தது.

"எதுலங்க ஊற வெச்சீங்க?"

"அங்க ஒரு டம்ளர் இருந்துச்சு."

"அது அத்தை பல்செட் வைக்கிற டம்ளர்."

அவசரமாகக் கழுவி வைத்தார். மறுநாள் காலை அம்மா வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டே வந்தார். "ஏண்டா, வாயெல்லாம் புளிக்குது?"

"குழாய்த் தண்ணி சரியில்லம்மா."

கருப்பு போக உப்புத்தாள் போட்டார். கருப்பு போய்க் கீறல் வந்தது. கீறல் போகத் தேய்த்த தேய்ப்பில் கத்தி பளபளத்தது, பிடி இரண்டாகப் பிளந்தது. பசை வைத்து ஒட்டினால் கட்டைவிரலும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. மனைவி வெந்நீரில் முக்கி முக்கி விரலை மீட்டுக்கொடுத்தாள்.

"ஆளுங்களைப் பத்து மாடி ஏத்தி இறக்கறவருக்கு இது பெரிய வேலையா?" என்றாள்.

அவர் காதில் வாங்காமல், சாணை ஏற்ற இடுப்புப் பெல்ட்டில் இழுத்தார். பெல்ட் இரண்டு துண்டானது. கத்தி தயார் என்று தெரிந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை, முகமெல்லாம் நுரையோடு குளியலறைக் கண்ணாடி முன் நின்றார். ஒரு கன்னம் முடிவதற்குள் நாலு இடத்தில் ரத்தம். நுரை விலகிய இடத்தில் அப்பா வரவில்லை. பாதிச் சவரத்தில் பயந்துபோன ஒரு ஆள் மட்டும் கண் கலங்கி நின்றிருந்தார்.

கதவு திறந்தது. அம்மா.

"ஒண்ணுமில்லம்மா, சும்மா..."

அம்மா கத்தியையே பார்த்தார். அழவில்லை. அதை அவர் கையிலிருந்து வாங்கித் துண்டில் துடைத்துவிட்டு, இரண்டு விரலால் மகனின் மோவாயை நிமிர்த்தினார்.

"ஆடாம நில்லு. உங்கப்பாவுக்குக் கத்தின்னாலே நடுக்கம். கல்யாணமான நாள்லேர்ந்து நான்தாண்டா அவருக்கு மழிச்சுவிட்டேன்."