ஒட்டகச்சிவிங்கிக்கு ஏற்ற மாதம்

மனிதரில் ‘சீசன் பார்க்கிறவர்’ என்று ஓர் இனம் உண்டு. காடு மலை என்று தேட வேண்டாம், வீட்டுக்குள்ளேயே கிடைக்கும். நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, ஜன்னலை எட்டிக்கூடப் பார்க்காமல் வெளியே எவ்வளவு வெயில் என்று சொல்லும். நீங்கள் ஆசையாக எங்கேயாவது போய்விட்டு, செருப்பு அறுந்து, இடுப்பு விட்டு, சந்தோஷமாக வந்து உட்கார்ந்தால், “அடடா, இந்த மாசத்துலயா போனீங்க?” என்று கேட்கும். அவ்வளவுதான். நீங்கள் பார்த்ததெல்லாம் குப்பைக்குப் போய்விடும்.

அப்படி ஒருவருக்குத்தான் அந்தத் தையல்காரி வாழ்க்கைப்பட்டிருந்தாள். மனிதர் நல்லவர். குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார், வெளியேயும் கூட்டிப்போக மாட்டார். மின்சார அலுவலகத்தில் வீடு வீடாக மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் ஏதாவது எண்ணைப் படிக்காவிட்டால் பொழுது போகாதோ என்னவோ, ஊர் எல்லையில் இருக்கிற விலங்குப் பூங்காவின் மாதவாரி வெப்பநிலையை எங்கிருந்தோ எடுத்துவந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருந்தார்.

தையல்காரிக்கு ஒரே ஓர் ஆசை. குழந்தைகளுக்கு கவுன் தைக்கும்போது துணியில் ஒட்டகச்சிவிங்கி அச்சிட்டு வரும். எத்தனையோ ஒட்டகச்சிவிங்கிகளைக் கழுத்தில் வெட்டி, இடுப்பில் சுருக்கம் வைத்து, முதுகில் பட்டன் தைத்தவள் அவள். உயிரோடு ஒன்றை முகத்துக்கு முகம் பார்க்க வேண்டும். பூங்காவில் ஒன்று இருக்கிறது. பஸ் தெருமுனையிலேயே நிற்கும். பிறகு என்ன? பிறகு அவர்தான்.

ஜனவரி என்றால், “பனி. அதுங்க வெளியவே வராது.” ஏப்ரல் என்றால், “அனல். எல்லாம் நிழல்ல படுத்துக்கும்.” ஆகஸ்டில் சேறு, அக்டோபரில் கொசு. மழை இல்லாத, வெயில் இல்லாத, பனி இல்லாத ஒரு மாதத்தைத் தப்பித் தவறிக் கண்டுபிடித்தால், “அப்ப கூட்டம் அள்ளும்” என்பார். வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம் போதாத ஆள்.

ஒரு நாள் பேப்பரில் செய்தி வந்தது. அந்த ஒட்டகச்சிவிங்கியை ஜோடி சேர்ப்பதற்காக வேறு பூங்காவுக்கு மாதக் கடைசியில் அனுப்புகிறார்கள். தையல்காரி மிஷினிலிருந்து காலை எடுத்தாள்.

“ஏங்க, இந்த ஞாயித்துக்கிழமையே போயிடலாங்க.”

அவர் எழுந்துபோய் ஃபிரிட்ஜைப் பார்த்தார். “இந்த மாசம் சராசரியே முப்பத்தேழு. அடுத்த மாசம் நல்லா இறங்கிடும். அப்பப் போனா அருமையா இருக்கும்.”

“அடுத்த மாசம் அது இருக்காதே!”

“அது இல்லன்னா என்ன, கிளைமேட் நல்லா இருக்கும்ல?”

அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே என்னவோ ஆகிவிட்டது. போனை எடுத்துப் பூங்காவின் டிக்கெட் கவுன்டருக்குப் போட்டார்.

“இப்ப அங்க எத்தனை டிகிரி?”

“வெயில் அடிக்குது சார்.”

“அதான் எத்தனை?”

“தலையில துண்டு போட்டுக்கற அளவுக்கு சார்.”

“விலங்கெல்லாம் வெளிய இருக்கா?”

“இங்கதான் சார் இருக்கு. எங்க போகும்?”

போனை வைத்தார். “பொறுப்பில்லாத ஆளுங்க” என்றார். பயணம் ரத்து.

ஞாயிறன்று அவருடைய தங்கை வந்தாள். துணி வெளுக்கும் கடையில் நாளெல்லாம் இஸ்திரிப் பெட்டியோடு நிற்கிறவள். அவளுக்கு வெயில் பூச்சாண்டி காட்ட முடியுமா?

“அண்ணி, செருப்பைப் போடுங்க. அண்ணன் நல்ல நேரம் பாத்து முடிக்கறதுக்குள்ள அது பேரப்பிள்ளையே எடுத்துடும்.”

“மண்டை பொளந்துடும்டி, சொல்லிட்டேன்” என்றார் அவர்.

“பொளந்தா அண்ணி தைச்சுக்குவாங்கண்ணே, நாங்க வரோம்.”

வெயில் நிஜமாகவே கொளுத்தியது. அதைப் பொய் என்று சொல்லவில்லை. குடையின் கம்பியே சுட்டது. வேலி ஓரத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. ஆள் இல்லாததாலோ என்னவோ, ஒட்டகச்சிவிங்கி நேராக இவர்களிடம் வந்து, மேலேயிருந்து தலையை இறக்கி, கறுத்த நாக்கை ஒரு முழத்துக்கு நீட்டி வேலியை நக்கியது. கண்ணில் அத்தனை நீள இமைமுடி.

“அண்ணி, தலை சுடுது, வாங்க.”

“இருடி. இப்பத்தான் என்னைப் பாக்குது.”

வீடு திரும்பியபோது அவர் வாசலிலேயே நின்றார். “சொன்னேன் பாரு! மூஞ்சியெல்லாம் கன்னிப்போச்சு!”

“ஆமாங்க, கன்னிப்போச்சு” என்றாள் அவள். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவருக்குத்தான் அது பிடிக்கவில்லை; “அது நாக்கு கறுப்புங்க” என்று அவள் ஆரம்பித்ததைக் காதில் வாங்காமல் உள்ளே போய்விட்டார்.

அடுத்த மாதம் வெயில் இறங்கியது. அட்டவணையில் போட்டபடியே இறங்கியது. ஒரு காலையில் அவர் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகக் கிளம்பினார். “வரியா? இன்னிக்குத்தான் சரியான நாள்.”

“தைக்கற வேலை இருக்கு. நீங்க போயிட்டு வாங்க.”

போனார். காலியான வேலிக்கு முன்னால், சிலுசிலுவென்ற காற்றில், பெஞ்சில் தனியாக நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் வந்தார்.

“எப்படி இருந்துச்சு?”

“பிரமாதம். காத்து அப்படி ஒரு காத்து!” தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, வேறு யாருடைய விஷயத்தையோ விசாரிப்பதுபோல, “அது நாக்கு கறுப்பாவா இருந்துச்சு?” என்று கேட்டார்.

அவள் மிஷினை நிறுத்திவிட்டு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்ட உங்கள் பெரியம்மாவை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரணும் என்று போன மழைக்கே சொன்னீர்களே, போனீர்களா? இல்லையா? ஏன், வெளியே வெயிலா?

அதானே பார்த்தேன்.