நாற்பத்திரண்டு நீல மாத்திரைகள்

சூரத் சாயப்பட்டறையில் பணிபுரியும் மதிப்பிற்குரிய ரஞ்சன் அண்ணனின் பாதங்களைத் தொட்டுத் தங்கை நூதன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம். கடிதத்தை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார், ஆகவே நலம். நான் மட்டும் செத்துக்கொண்டிருக்கிறேன்.

போனில் சொல்லலாமே என்பாய். நீ கூப்பிட்டாலே அம்மா ஸ்பீக்கரைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். அதனால் எல்லாரும் தூங்கியபின் போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். காலையில் சூரத்துக்கு ரயிலேறும் மகேசர் மாமாவிடம் கொடுத்துவிடுவேன். படித்ததும் கிழித்துவிடு.

அண்ணிக்கு ஐந்தாம் மாதம் அங்கன்வாடியில் நர்ஸ் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, ரத்தம் பதினொன்று இருக்க வேண்டிய இடத்தில் ஏழுதான் இருக்கிறது என்று தலையில் அடித்துக்கொண்டார். "இன்னும் இறங்குச்சுன்னா மாத்திரை பத்தாது. புருஷனக் கூட்டிட்டு தர்பங்கா பெரியாஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் ஏத்திக்கணும். இல்லேன்னா பிரசவத்துல உடம்பு தாங்காது" என்று சொல்லி ஒரு பை நிறையச் சிவப்பு மாத்திரை கொடுத்தார். வரும் வழியிலேயே அம்மா பையை வாங்கிக்கொண்டாள். "இதத் தின்னா குழந்தை பூசணிக்காயாட்டம் ஊதிடும். அப்புறம் டாக்டர் கத்தியத் தூக்குவான். நான் நாலு பெத்தேனே, எந்த மாத்திரையத் தின்னேன்?" என்றாள். அந்த நாலில் மிச்சம் நீயும் நானும்தான் என்பதை யாரும் சொல்லவில்லை. மாத்திரையை வீணாக்கவும் அவளுக்கு மனசில்லை. தினம் இரண்டாக எருமையின் தவிட்டில் போட்டாள். எருமை பளபளவென்று இருக்கிறது, அரை லிட்டர் கூடுதலாகக் கறக்கிறது, இந்த வீட்டில் ரத்தம் உள்ள ஒரே பெண் அதுதான். அண்ணியோ அடிபம்பில் நாலு தடவை அடித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறாள், அடுப்பு மண்ணைச் சுரண்டித் தின்கிறாள், கேட்டால் "வாசனையா இருக்குடி, நீயும் கொஞ்சம் திங்கிறியா?" என்கிறாள்.

அதனால் நான் திருடியானேன். பள்ளியில் புதன்கிழமைதோறும் எங்களுக்கு நீல இரும்பு மாத்திரை உண்டு. விழுங்கினோமா என்று ஆசிரியை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். நாங்கள் நாக்குக்கு அடியில் ஒதுக்கிவிடுவோம். என் வகுப்பு ரூபமும் இன்னும் ஐந்து பேரும் தங்கள் மாத்திரையை எனக்குத் தருவார்கள், நான் அவர்கள் வீட்டுப்பாடத்தை எழுதித் தருவேன். வாரம் ஏழு, நாளுக்கு ஒன்று. ஆறு வாரமாக, அப்பா சாப்பிட்டு, அம்மா சாப்பிட்டு, கடைசியில் நானும் அண்ணியும் உட்காரும்போது அவள் கையில் கொடுக்கிறேன். "தூங்கறப்ப போட்டுக்கறேன்" என்று முந்தானையில் முடிந்துகொண்டு எனக்குப் பருப்பு ஊற்றுவாள்.

அதற்குத் தண்டனை கிடைத்துவிட்டது. ஒரு மாதமாக எனக்கு வயிற்றிலிருந்து போவது தார் மாதிரிக் கறுப்பு. மதிப்பிற்குரிய அண்ணனுக்கு எழுதக்கூடிய விஷயமில்லை, மன்னித்துவிடு. நான் ஒரு மாத்திரைகூட விழுங்கவில்லை, ஆகவே அதனால் இருக்க முடியாது. ஆசிரியையை ஏமாற்றியதற்குக் குடல் அழுகுகிறது. ரூபத்திடம் சொன்னேன். "எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான் கறுப்பாப் போச்சு. பதினோராம் நாள் காரிய விருந்துக்கு நீகூட வந்தியே, பூரி நல்லாயிருந்துச்சுன்னியே" என்றாள். முன்பெல்லாம் பாலம் ஏறும்போது சைக்கிளைத் தள்ளுவேன், இப்போது மிதித்தே ஏறுகிறேன். சாவதற்கு முன் அப்படி ஒரு தெம்பு வருமாம்.

நீ வர வேண்டாம். லீவு கேட்டால் முதலாளி வேலையைவிட்டு நிறுத்திவிடுவான் என்று தெரியும். அண்ணியைப் பற்றியும் கவலைப்படாதே, நாற்பத்திரண்டு மாத்திரைக்கு ரத்தம் பத்துக்காவது ஏறியிருக்கும். பெண் பிறந்தால் என் சைக்கிளை அவளுக்குக் கொடு. அவளைக் கடைசியில் சாப்பிட வைக்காதே.

உன் அறையில் இருக்கும் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு அன்பு. உன் ஆயுளும் என் ஆயுளும் சேர்ந்து உனக்கே இருக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் கொஞ்ச நாளைக்கு உன் தங்கை,
நூதன், ஒன்பதாம் வகுப்பு

பின்குறிப்பு: அண்ணி விழித்துக்கொண்டு கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். சிரித்தாள். சிரிக்க மூச்சுப் போதாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "கிறுக்கி, இரும்பு உள்ள போனா கறுப்பாத்தான்டி போகும்."

"எனக்குள்ள எப்படி அண்ணி போச்சு?"

தலையைக் குனிந்துகொண்டாள். "உன் பருப்புலதான் தினம் நுணுக்கிப் போட்டேன். பிரேயர்ல மயங்கி விழுந்தியாமே, ரூபம் சொன்னா. அதோட... எனக்கும் பயம்டி. அத்தை சொல்ற மாதிரி குழந்தை பெருசாயிட்டா?"

"ஒண்ணுகூடவா திங்கல?"

"ஒண்ணுகூட."

டார்ச் அடித்து அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். உள்ளே இந்தத் தாளைவிட வெள்ளை. ஏழாவது மாதம் நடக்கிறது.

அண்ணா, மேலே உள்ள எல்லாவற்றையும் அடித்துவிடு. நான் சாகவில்லை. வேலை போனால் போகட்டும். காலையில் மகேசர் மாமாவின் போனிலிருந்து 'உடனே வா' என்று சொல்லப்போகிறேன். இந்தக் கடிதம் சூரத்துக்கு வரும்போது, இதைப் படிக்க நீ அங்கே இருக்கக் கூடாது.