கள்ளிக்குப்பத்தில் பூப்பறித்த வாத்தியார்

தாவரவியலில் பட்டம் வாங்கியவனுக்கு அந்தக் காலத்தில் இரண்டே வழிகள்தாம் இருந்தன. ஒன்று, வாத்தியாராவது. மற்றொன்று, வாத்தியாராகும் வரை சும்மா இருப்பது. நான் இரண்டாவதில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தேன்.

ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அந்த வேலைக்காக வந்தவர். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் என் பெயரைப் பதிந்தாயிற்று. பி.எட். படிக்க இடம் கேட்டு, கிடைக்காமலும் போயிற்று. எதிரே வருகிறவர்களெல்லாம் "தம்பி இப்ப என்ன பண்றீங்க?" என்று கேட்டதில், பால் வாங்கக்கூடப் பின்பக்கச் சந்து வழியாகவே போய்க்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கல்லூரி நண்பன் செல்வம் சைக்கிளில் வந்து இறங்கினான். கள்ளிக்குப்பத்தில் தலைமுறை தலைமுறையாக விவசாயம் பார்த்த குடும்பம் அவனுடையது.

"மச்சான், எங்க ஊட்டாண்ட ஒரு இங்கிலீஷ் ஸ்கூல் கீது. சயின்ஸ் மிஸ்ஸு கல்யாணம் ஆயி பூட்ச்சு. பி.எட். இல்லாங்காட்டியும் எடுத்துக்கிறாங்களாம். வெள்ளிக்கிழம ஒரு கிளாஸ் எடுத்துக் காட்டணும், அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்று சொல்வது அவனுக்குச் சுலபம். பள்ளியில் நான் தமிழ் மீடியம். கல்லூரியில் ஆங்கிலத்தில் எழுதித் தேறியிருந்தேனே தவிர, பேசியதில்லை (யாரும் கேட்டதுமில்லை). அதனால் பூவின் பாகங்கள் என்ற பாடத்தை ஆங்கிலத்தில் முழுவதும் எழுதி நெட்டுருப் போட்டேன். எந்த இடத்தில் புன்னகைக்க வேண்டும் என்பதுகூட மனப்பாடம். அதற்குள் அப்பா தொழிற்சாலை முழுக்கச் சொல்லிவிட்டார். "எம்மவன் வாத்தியார் வேலைக்குப் போறாம்லா!"

வெள்ளிக்கிழமை சீக்கிரமே போய்ச் சேர்ந்தேன். பள்ளிக்கு அடுத்த வீட்டு வாசலில் செம்பருத்திச் செடிகள் சிவப்பாகப் பூத்துத் தள்ளியிருந்தன. கையில் கொண்டுபோன ஒற்றைப் பூ ஏற்கெனவே வாடித் தலை தொங்கியிருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூ கொடுத்துப் பிரித்துப் பார்க்கச் சொன்னால் எப்படி இருக்கும்! என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன். வாசலில் லுங்கியை மடித்துக் கட்டியபடி ஒருவர் பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஸ்கூல் பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் பூ பறிச்சுக்கலாமா?"

"தாராளமா பறிச்சிக்கோ நைனா. நான் இன்னா வேணாம்னா சொல்லப்போறேன்?"

எட்டாத கிளைகளை அவரே வளைத்துக் கொடுத்தார். இப்படியும் ஒரு வீட்டுக்காரரா என்று நெகிழ்ந்துபோய், ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் பறித்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஆறாம் வகுப்பு. கடைசி பெஞ்சில் பள்ளித் தாளாளர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பூக்களைக் கொடுத்துவிட்டு, "டியர் சில்ட்ரன்" என்று ஆரம்பித்தேன். அருமையாகப் போயிற்று. பிள்ளைகள் இதழ்களைப் பிய்த்து மூக்கிலும் நெற்றியிலும் ஒட்டிக்கொண்டார்கள். அது பாடத்தில் இல்லாததால் நான் கண்டுகொள்ளவில்லை.

கதவு படாரென்று திறந்தது. காலிப் பூக்கூடையுடன் ஒரு அம்மாள் நின்றிருந்தார்.

மனப்பாடம் என்பது பிரேக் இல்லாத சைக்கிள். இறங்கினால் மறுபடியும் "டியர் சில்ட்ரன்" என்றுதான் ஏற முடியும். நிறுத்தப் பயந்து, பூவை அவர் பக்கம் நீட்டி, சூலகத்தைத் தொட்டுக் காட்டி, அந்த இடத்துக்கென்று ஒத்திகை பார்த்த புன்னகையுடன் சொன்னேன்: "திஸ் இஸ் தி ஃபீமேல் பார்ட்."

"இன்னாது?" என்றார் அவர். "சாரே, இன்னா சொல்றான் இவன், என்னப் பாத்து?"

தாளாளர் எழுந்துவிட்டார். முன்வரிசையில் மூக்கு நிறைய இதழோடு இருந்த சிறுமிதான் என்னைக் காப்பாற்றினாள். "உங்கள இல்ல ஆன்ட்டி, பூவ. இதுதான் அம்மாவாம். இதுக்குள்ளதான் வெதை வருமாம்."

"அம்மனுக்கு மாலை கட்ட வெச்சிருந்த பூவுடா! யாரக் கேட்டு பறிச்ச?"

"வாசல்ல நின்ன உங்க வீட்டுக்காரரைத்தாம்மா..."

"எங்க ஊட்டுக்காரரு வேலைக்குப் போயி எந்நேரமாச்சு! அவன் மோட்டார் ரிப்பேர் பண்ண வந்தவன்!"

வகுப்பு கூரை பறக்கச் சிரித்தது. அவர் பிய்ந்து கிடந்த பூக்களையெல்லாம் பார்த்தார். பிறகு, என்ன தோன்றியதோ, "வெதை வரும்ன்றியே, எஞ்செடி ஏன் ஒரு நாளும் காய்க்கல?" என்றார்.

இந்தக் கேள்வி நெட்டுருவில் இல்லை. ஆனால் பதில் எனக்குத் தெரியும். கிளையை ஒடித்து ஒடித்து நட்டே பரவிய செடி அது, மகரந்தம் விழுந்தாலும் பெரும்பாலும் விதை பிடிக்காது என்று தமிழில் சொன்னேன். அப்படியானால் பூ எதற்கு என்று ஒரு பிள்ளை கேட்டது. அதற்கும் சொன்னேன். மணி அடித்தபோதுதான் தமிழுக்கு மாறிய பிறகு நான் ஒரு தடவைகூடப் புன்னகைக்கவில்லை என்பது தெரிந்தது.

"தமிழ்ல பிரமாதமா சொல்றீங்க தம்பி," என்றார் தாளாளர். "ஆனா இது இங்கிலீஷ் மீடியம்."

அப்பாவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் பள்ளி கேட் அருகே நின்றேன். "யோவ் பூ வாத்தியாரே!" என்று அந்த அம்மாள் கூப்பிட்டார். மாலைக்கு ஈடு கேட்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"எம்புள்ள பத்தாவதுல சயின்ஸ்ல பெயிலாயி ஊட்ல குந்திகினு கீறான். சாய்ந்தரத்துல வந்து சொல்லித் தர்றியா? தமிழ்லயே சொல்லு."

அவர் பெயர் பாக்கியம். அவர் வீட்டு மொட்டை மாடியில்தான் என் ஆசிரிய வாழ்க்கை தொடங்கியது. அவர் மகன் தேறினான். அதைப் பார்த்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். மறு வருடம் பி.எட். இடம் கிடைத்தது. பல வருடக் காத்திருப்புக்குப் பின் அரசுப் பள்ளி வேலையும் வந்தது.

எனக்குப் பெண் பார்த்தபோது, சென்னீர்குப்பத்திலிருந்து என் வருங்கால மாமனார் கள்ளிக்குப்பத்துக்கு விசாரிக்க வந்தாராம். பாக்கியம்மா என்னைப் பற்றி வாயார நல்லதாகச் சொல்லிவிட்டு, கடைசியில், "தங்கமான புள்ள. ஆனா பொண்ணு பாக்க வர்றன்னிக்கி வாசல்ல பூ எதையும் உட்டு வெக்காதீங்க" என்று சேர்த்திருக்கிறார்.

நான் போன அன்று அவர்கள் வீட்டுச் செம்பருத்தியில் ஒரு மொட்டுகூட இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி இன்றும் சொல்வாள்: "எங்கம்மா காலையிலயே எல்லாத்தையும் பறிச்சு அரிசி டிரம்ல போட்டு மூடிட்டாங்க. இவரு காபி குடிச்சு முடிக்கிற வரைக்கும் எங்கப்பா அது மேலதான் உக்காந்திருந்தாரு."