கடல் வரைக்கும் ஒரு டிரைவிங் வகுப்பு

இந்த வருஷம் முடிவதற்குள் கடலைப் பார்த்தே தீருவது என்று முடிவு செய்தேன். வீட்டில் சொல்லாமல்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன். ஊருக்கெல்லாம் தூரப் பார்வையைச் சரி செய்கிறேன். நான் பார்த்த அதிகபட்ச தூரம் எதிர்க்கடை ஷட்டர். வாடிக்கையாளர் எழுத்து அட்டையின் கடைசி வரியில் தடுமாறும்போது, எனக்குச் சுவர் மெல்லக் கரைந்துவிடும். நீலமாக ஒரு கோடு தெரியும். கார் ஜன்னலில் உப்புக் காற்று வரும். சட்டைக் காலர் படபடக்கும். மடியில் யாருடைய பையும் இருக்காது. "சார், சரியாப் படிச்சேனா?" என்று அவர் மறுபடி மறுபடி கேட்ட பிறகுதான் கரைக்குத் திரும்புவேன்.

மனைவியை அழைத்துப் போகலாமே என்பீர்கள். போகலாம். அவளோடு அவள் தங்கை வருவாள், தங்கை பிள்ளைகள் வருவார்கள், பிள்ளைகளின் சைக்கிள் வரும். கடலுக்கு இடம் இருக்காது.

கூட்டு சேர்ந்த நண்பர்கள் இரண்டு பேர், இருவருக்கும் பட்டப்பெயர்தான். சலூன் வைத்திருக்கும் கத்திரி. டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கும் பிரேக். தெருவில் நடக்கும்போது யாராவது குறுக்கே வந்தால்கூட வலது காலைத் தரையில் அழுத்துகிறவன். சலூனில் பட்ஜெட் கூட்டம் நடந்தது. எல்லார் பையையும் கவிழ்த்ததில் டீச் செலவு தேறியது. கார் வாடகை தேறவில்லை.

"எங்க ஸ்கூல் கார் இருக்குடா" என்றான் பிரேக். "ஆனா ஸ்டூடன்ட் இல்லாம வண்டி வெளிய போகக் கூடாது. ஹைவேல ஓட்டிப் பழகணும்னு ஒரு அம்மா கேட்டுட்டே இருக்காங்க. பெட்ரோல் முழுக்க அவங்களே போடுவாங்களாம்."

"அவங்க வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"புருஷன் எங்கயுமே கூட்டிட்டுப் போறதில்லையாம். பாவம்."

"என்ன மனுஷன்டா அவன்!" என்றேன். மனதாரச் சொன்னேன். கத்திரிக்கு ஏனோ இருமல் வந்தது.

அன்று மாலை வீட்டில் ஆரம்பித்தேன்.

"ஞாயித்துக்கிழமை கடையில ஸ்டாக் எடுக்கணும்மா."

"ஞாயித்துக்கிழமையா?"

"ஃப்ரேம் எல்லாத்தையும் எண்ணணும். சாயங்காலம் ஆயிடும்."

"உங்க முதலாளிக்கு மனசாட்சியே இல்லையா?"

"என்ன பண்றது? என்னை விட்டா அவருக்கு யாரு இருக்கா?"

"சரி, சாப்பாடு கட்டித் தர்றேன்."

அந்தப் பரிவு நெஞ்சில் லேசாகக் குத்தியது. கடலை நினைத்துக்கொண்டேன். சரியாகிவிட்டது.

ஞாயிறு காலை, தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று அவள் எனக்கு முன்பே கிளம்பினாள். சாப்பாட்டு டப்பாவைக்கூட மறந்துவிட்டாள். எல்லாம் கனவுபோல் கூடிவந்தது. தெருமுனையில் நின்றேன். தலையில் டிரைவிங் ஸ்கூல் பலகையோடு கார் ஊர்ந்து வந்தது. பின் சீட்டில் கத்திரி பக்கத்தில் ஏறினேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கதவை நல்லாச் சாத்துங்க" என்றது டிரைவர் சீட். தினமும் கேட்கிற குரல்.

"நீ... நீயா?"

"கல்யாணமான புதுசுல கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன்னீங்க. நீங்க மறந்துட்டீங்க. நான் கார் கத்துக்கிட்டேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்த வெட்கத்தைக் கோபமாக்கி பிரேக்கிடம் காட்டினேன். "டேய், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"பெட்ரோலே அவங்க போட்டதுடா. நான் என்னத்தைச் சொல்ல?"

கார் நகர்ந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும், அழகாக ஓட்டினாள். தூங்குகிற தெருக்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் நழுவின. காற்றில் அவள் முடி பறந்தது. நீலக் கோடு மறுபடி தெரிந்தது. இந்த முறை அதன் ஓரத்தில் இவளும் நின்றாள். அது இன்னும் நன்றாகவே இருந்தது. இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை?

"அலையில ரெண்டு பேரும் காலை நனைச்சுட்டு, அப்படியே மணல்ல உட்கார்ந்து..." என்று ஆரம்பித்தேன்.

கார் நின்றது. கண்ணாடிக் கடை வாசல்.

"இறங்குங்க."

"எதுக்கு?"

"ஸ்டாக் எடுக்கணுமே. வழிதானே, விட்டுட்டுப் போறேன்."

"ஸ்டாக்கெல்லாம் இல்லம்மா. சும்மா சொன்னேன்."

"அப்படிச் சொல்லாதீங்க. உங்களை விட்டா அவருக்கு யாரு இருக்கா?"

சாப்பாட்டு டப்பா ஜன்னல் வழியாக என் கைக்கு வந்தது. மறந்திருக்கவில்லை. கார் ஒழுங்காக இண்டிகேட்டர் போட்டு, கடல் இருக்கிற திசையில் திரும்பி மறைந்தது.

பேசாமல் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்று நினைத்தேன். அப்போது பின்னால் ஷட்டர் உயர்ந்தது. முதலாளி, கண் கலங்க, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார்.

"வாப்பா! உன் வீட்டம்மா நேத்தே போன் பண்ணிட்டாங்க. ஓவர்டைம்கூட வேண்டாம்னியாமே!"